தேயிலைச் சரிவில் ஒரு பச்சை மேஜை

குன்னூருக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஒரு ஆசிரமம் இருந்தது. தியானத்துக்கு ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, படுக்கச் சில அறைகள், ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை.

மேஜையை ஆசிரமத்தார் வாங்கவில்லை. அந்த இடம் ஒரு தோட்ட முதலாளியின் பங்களாவாக இருந்த காலத்திலிருந்தே அது அங்கே நின்றது. பங்களாவை ஆசிரமத்துக்கு எழுதிக் கொடுத்தபோது வீட்டார் நாற்காலி, அலமாரி, கடிகாரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேஜையையும் நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அதைத் தருமத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அது பயன்படத்தான் செய்தது. சமையல் செய்யும் மரகதம் அதன்மேல் கீரை ஆய்ந்தாள். துவைத்த துணிகளை அங்கே மடித்தார்கள். எத்தனை இலைச்சாறு பட்டாலும் துணி பச்சையாகவே இருந்தது மரகதத்துக்குப் பிடித்திருந்தது.

ஆசிரமத்தை நடத்தியவரைக் குருவம்மா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்கவே சிலர் மலையேறி வந்தார்கள்.

தெய்வசிகாமணி ஒரு கோடையில் வந்து சேர்ந்தார். குருவம்மாவைவிட மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மார்க்கராக இருந்தவர். ஆடுகிறவர்களுக்குப் புள்ளி சொல்வதும், பந்தை எடுத்து வைப்பதும், மேஜையைப் பராமரிப்பதும் மார்க்கர் வேலை. ஓய்வு பெற்றதும் மன அமைதி தேடி மலைக்கு வந்துவிட்டார்.

வந்த அன்றைக்கே மேஜையைப் பார்த்தார். அதன் நடுவில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

"இதுமேல பூசணிக்காயா?" என்றார்.

"சமையற்கட்டுல எடமில்லீங்ண்ணா," என்றாள் மரகதம். "நீங்க வேணா தலைல வெச்சுக்கறீங்களா?"

சிகாமணி ஒன்றும் சொல்லவில்லை.

பூஜை அறையில் இன்னொன்றையும் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பந்து பட்டுத் துணியில் உட்கார்ந்திருந்தது. பில்லியர்ட்ஸில் இரண்டு வெள்ளைப் பந்துகள் உண்டு. அடையாளத்துக்காக ஒன்றில் கறுப்புப் புள்ளி இருக்கும். இது அந்தப் பந்து. பங்களாவைச் சுத்தம் செய்தபோது யாருக்கோ அகப்பட்டிருக்கிறது. தானாகத் தோன்றிய புள்ளி என்று நினைத்துக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதற்கும் சிகாமணி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் அப்படிப்பட்டவர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தங்கமான மனிதர். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

காலையிலும் மாலையிலும் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். முதலில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு காதில் சத்தங்கள் விழ ஆரம்பித்தன. கதவின் கிறீச்சொலி. மரகதம் பாத்திரம் போடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, பொன்னுரங்கம் டீ குடிப்பது.

பொன்னுரங்கம் ஒரு டீ கம்பெனியில் ருசி பார்க்கிறவராக இருந்தவர். கரண்டியில் எடுத்த டீயைக் காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சினால்தான் ருசி நாக்கு முழுவதும் தெரியும். வேலை போனாலும் உறிஞ்சல் போகவில்லை. காலையில் அவர் டம்ளரை வாயில் வைத்தால் ஜன்னலில் இருக்கும் குருவி பறந்துவிடும் என்பாள் மரகதம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பொன்னுரங்கம் டீயோடு மேஜைப் பக்கம் வந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். ஆவி பறக்கும் டம்ளரை மேஜையின் மரவிளிம்பில் வைத்தார்.

பில்லியர்ட்ஸ் அறையில் எதைச் செய்தாலும் பொறுப்பார்கள். மேஜை விளிம்பில் டம்ளர் வைப்பதை மட்டும் பொறுக்கமாட்டார்கள். ஆனால் அது கிளப்பில். இங்கே அந்த விளிம்பில் எல்லாரும் எல்லாவற்றையும் வைத்தார்கள்.

சிகாமணி பாய்ந்து போய் டம்ளரைத் தட்டிவிட்டார். கொதிக்கும் டீ பொன்னுரங்கத்தின் இடது கையில் கொட்டியது.

அவர் "ஐயோ" என்று கையை உதறினார். மரகதம் தண்ணீரோடு ஓடி வந்தாள். சிகாமணி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க மார்க்கரே," என்றார் பொன்னுரங்கம். "சர்க்கரை போடாத டீதான். எறும்பு வராது."

அவர் சிரித்ததுதான் சிகாமணியால் தாங்க முடியாமல் போயிற்று.

மறுநாள் காலை பையைக் கட்டிக்கொண்டு குருவம்மாவிடம் வந்தார். குருவம்மா தோட்டத்தில் அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஊருக்குப் போறேனுங்கம்மா."

"சரி. இந்தச் சணலை அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

பிடித்தார்.

"ஏன்னு கேக்கலையே நீங்க."

"சொல்லத்தான வந்திருக்கீங்க."

சிகாமணி சணலைப் பிடித்தபடியே சொன்னார். "கிளப்புல நான் பாக்காததா? ஆட்டம் தோத்தவரு பந்தடிக்கற கோலை என் மேல வீசியிருக்காரு. குடிச்சுட்டு எங்கம்மாவையும் சேத்துத் திட்டியிருக்காங்க. நான் முகஞ்சுளிச்சதில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை எடுத்து வெச்சுட்டு நிப்பேன். சிகாமணிக்குக் கோவமே கெடையாதுன்னுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

"ம்."

"இங்க வந்து கண்ணை மூடி உக்காந்தப்புறம், ஒரு மனுஷன் டீ குடிக்கற சத்தம் ஆகமாட்டேங்குது. நேத்து அவரு கையைச் சுட்டே போட்டேன். இந்த வயசுல."

குருவம்மா ஒரு முடிச்சுப் போட்டார்.

"தியானம் பண்ணினா மனசு அடங்கும்னாங்க. எனக்கு ஏறிட்டே போகுது. இல்லாத கோவம் இங்க வந்து ஒட்டிக்கிச்சு. இது ஏனுங்கம்மா இப்படி?"

குருவம்மா யோசித்தார். "தெரியலையே," என்றார்.

சிகாமணியின் முகம் வாடியது. "அப்ப இது எனக்கு ஒத்துவராத எடம். இன்னும் இருந்தா யாரை என்ன பண்ணுவனோ. சாயங்கால பஸ்ல கெளம்பிடறேன்."

"கெளம்புங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"அந்த மேஜையில ஒரு பந்து உருளறதைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நீங்க போயிட்டா அதைச் சரி பண்ண ஆளில்லை."

சிகாமணி பையைக் கீழே வைத்தார். மலைக்கு வந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஒரு நாள்ல ஆகாதுங்கம்மா."

"பஸ் தெனமும் வருது."

அன்றைக்கே வேலை தொடங்கியது. மேஜையிலிருந்து துணி மூட்டையும் முறமும் இறங்கின.

"எம் பூசணிக்கா எங்கீங்ண்ணா போகும்?" என்றாள் மரகதம்.

"தலைல வெச்சுக்கங்க."

அவர் இத்தனை நாள் அதை மனதில் வைத்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மரகதம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடப்பாரையால் நெம்பித் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. பொன்னுரங்கம் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க கை..." என்றார் சிகாமணி.

"கடப்பாரையை அமுக்க ஒரு கை போதும். இன்னொரு கை டீக்கு."

சிகாமணி வாயை இறுக்கிக்கொண்டு திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். பந்து மோதித் திரும்பும் ஓரத்துக் குஷன்களை எடுத்து வைத்தார்கள். பழைய துணியை உரித்தார்கள். அடியில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான கல் தெரிந்தது.

"கல்லா!" என்றாள் மரகதம். "மரமுன்னுல்ல நெனச்சேன். இதுமேலயா இத்தனை நாளும் கீரை ஆஞ்சேன்?"

குருவம்மா விரலை நனைத்துக் கல்லில் ஒரு கோடு இழுத்தார். "இது நம்ம சிலேட்டு மாதிரியே இருக்குதே."

"சிலேட்டேதானுங்கம்மா. பிள்ளைங்க எழுதற அதே கல்லு. இது நல்ல தடிப்பு. மொதல்ல மரப்பலகைலதான் பண்ணினாங்களாம். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வளையும். பந்து சொன்ன பேச்சுக் கேக்காது. அப்புறம்தான் கல்லுக்கு வந்தாங்க."

"உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னது?"

"கிளப்புல ஒரு வயசானவரு. கூட ஆட ஆள் வர்ற வரைக்கும் எங்கிட்டப் பேசிட்டிருப்பாரு. அவருகூட ஆட முக்காவாசி நாள் யாரும் வரமாட்டாங்க. அதனால எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் இரண்டு கோல்கள், மட்டம் பார்க்கும் ரசமட்டம், ஒரு சீட்டுக்கட்டு, கற்பூர வாசத்தோடு புதுப் பச்சைத் துணி ஒன்று. சிகாமணி துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"பச்சை எதுக்கு?" என்று கேட்டார் குருவம்மா. "நீலம் கூடாதா?"

"மொதல்ல இதைப் புல்லுலதான் ஆடினாங்களாம், வெளியில. மழை வந்து கெடுத்திருக்குது. அப்ப வீட்டுக்குள்ள ஒரு மேஜை போட்டு, புல்லு மாதிரி இருக்கட்டும்னு பச்சைத் துணியை விரிச்சுட்டாங்க."

"மழைக்கு ஒதுங்கின புல்லு," என்றார் பொன்னுரங்கம்.

"அப்படித்தான்."

மூலைக்கு ஒன்றும் நீளப்பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றுமாக இருந்த வலைப்பைகளுக்குள் மரகதம் கையை விட்டுப் பார்த்தாள். "இந்த ஓட்டை?"

"அது ஒருகாலத்துல விழக்கூடாத குழியாம். பந்து விழுந்தா நட்டம். அப்புறம் அதுல தள்ளறதுதான் ஆட்டம்னு ஆயிருச்சு."

"அட! யாரு மாத்தினது?"

"விழுந்து விழுந்து சலிச்சவன் எவனோ."

குருவம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

சாயங்காலம் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. சிகாமணி தலை நிமிர்ந்து பார்த்தார். கல்லின் இணைப்புகளில் மெழுகு பூசும் வேலை பாதியில் இருந்தது. "நாளைக்குப் போறேன்," என்றார். மறுபடி மெழுகைக் கையில் எடுத்தார்.

இப்படிப் பல சாயங்காலங்கள் போயின. வேலை நேரத்தில் சிகாமணியின் முகம் தெளிவாக இருந்தது. கூடத்தில் போய் உட்கார்ந்தால் மறுபடி இருண்டது. பை வாசலோரத்திலேயே இருந்தது.

துணியை இழுத்து ஆணியடித்தார். பூனையின் முதுகைத் தடவுவதுபோல ஒரே பக்கமாக பிரஷ் போட்டார். கடைசியில் குஷன்களைப் பொருத்தினார்கள். பொன்னுரங்கம் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இதுவும் ஆரம்பத்துலயே உண்டா?"

"ஆரம்பத்துல வெறும் மரச்சட்டம். பந்து கீழ விழாம இருக்க ஒரு தடுப்பு, அவ்வளவுதான். அப்புறம் பாத்தா தடுப்புல பட்டுத் திரும்பி வர்றதுலயும் ஒரு ஆட்டம் இருக்குது. அதனால துணியை அடைச்சாங்க, ரப்பர் வெச்சாங்க. அந்தக் காலத்து ரப்பர் குளிர்ல கல்லாயிருமாம். ஆடறதுக்கு முன்னாடி சுடுதண்ணிப் பாத்திரத்தை ஒட்டி வெச்சு எளக்குவாங்களாம்."

"பாத்தீங்களா! சூடா ஏதாவது உள்ள போகாம எதுவும் வேலை செய்யாது." பொன்னுரங்கம் டம்ளரை எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சினார்.

சிகாமணி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"வேலை இன்னிக்கு முடிஞ்சிரும்," என்று குருவம்மாவிடம் சொன்னார். "இன்னிக்கு நிச்சயம் போயிடறேன்."

மதியத்துக்குப் பிறகு எல்லாரும் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அது வெட்டிவிட்ட புல்வெளிபோல இருந்தது. சிகாமணி ரசமட்டத்தைத் துணிமேல் வைத்தார். கண்ணாடிக் குழலில் குமிழி நடுவில் நின்றது.

"பந்து?" என்றார்.

குருவம்மா பூஜை அறைக்குப் போனார். வெள்ளைப் பந்தை எடுத்து, புடவைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, அது சாமிங்க!" என்றாள் மரகதம்.

"சாமிக்கும் கொஞ்சம் ஓடணும்னு இருக்கும்."

குருவம்மா பந்தை மேஜையில் வைத்து, கையால் வேகமாகத் தள்ளினார். அது நேராக ஓடி, எதிர்க் குஷனில் மோதி, நேராகத் திரும்பி வந்து, மறுபடி மோதி, மறுபடி ஓடியது. மரகதம் கைதட்டினாள். குருவம்மா குழந்தைபோலப் பந்தின் பின்னாலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

"கோடு போட்ட மாதிரி போகுதுங்க," என்றார் பொன்னுரங்கம். "ஆச்சு மார்க்கரே! வேலை முடிஞ்சுது."

"அப்படிப் பாக்கக் கூடாதுங்க," என்றார் சிகாமணி.

பந்தை எடுத்தார். மேஜையின் ஒரு முனையில் குனிந்து நின்றார். விரலால் தொட்டும் தொடாமலும் அதை விட்டார். பந்து மெல்லப் போயிற்று. பாதி மேஜை வரை நேராகப் போயிற்று. அதற்குமேல், நிற்கப்போகிற நேரத்தில், பள்ளத்தாக்குப் பக்கமாக ஒதுங்கி, குஷனைத் தொட்டு நின்றது.

"அடடா," என்றாள் மரகதம்.

"குஷன் பாரம் ஏறினதும் மேஜையோட அந்தப் பக்கத்துக் கால் தரைப் பலகையில கொஞ்சம் எறங்கியிருக்குது. குமிழிக்கே தெரியலை பாருங்க."

"இவ்வளவூண்டு சாய்வுக்கா?" என்றார் பொன்னுரங்கம். "எல்லாரும் வேகமா அடிச்சுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"வேகமா அடிச்சா எந்த மேஜையும் மட்டந்தானுங்க. கிளப்புல காலைல கதவைத் தொறந்ததும் மொத வேலையா ஒரு பந்தை இப்படி மெதுவா விட்டுப் பாப்பேன். ஆடறவங்களுக்கு அது தெரியாது. அவங்க வேகம் அப்படி. மெதுவா விட்டாத்தான் சாய்வு வெளிய வரும்."

குருவம்மா குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "இன்னொரு தடவை விடுங்க."

விட்டார். மறுபடியும் பந்து அதே இடத்தில் ஒதுங்கியது.

"ஏனுங்க சிகாமணி," என்றார் குருவம்மா, குனிந்தபடியே.

"சொல்லுங்கம்மா."

"மெதுவா விட்டதாலயா மேஜை சாஞ்சுது?"

சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. "அதெப்படிங்கம்மா? சாய்வு முன்னாடியே அதுல இருந்ததுதானுங்க. வேகத்துல தெரியாம இருந்..."

நிறுத்திவிட்டார்.

குருவம்மா நிமிரவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது மேஜையைப் பற்றித்தான் என்பதுபோல இருந்தது அவர் முகம்.

சிகாமணி குஷன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வளைவில் ஹாரன் கேட்டது. மரகதம் வாசலில் இருந்த பையைப் பார்த்தாள். பஸ் நின்ற சத்தமும், பிறகு கிளம்பி இறக்கத்தில் போன சத்தமும் கேட்டன. சமையற்கட்டில் பால் காய்கிற வாசனை வந்தது.

ஜன்னலோரத்தில் பொன்னுரங்கம், தன்னை அறியாமல், டம்ளரை வாயில் வைத்து 'சர்ர்' என்று உறிஞ்சினார்.

எல்லாரும் சிகாமணியைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். நெற்றியில் நரம்பு ஒன்று எழுந்தது. மெதுவாக அடங்கியது. கண்ணைத் திறந்தார்.

பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். இஸ்பேட் ராணி. அதை இரண்டாகக் கிழித்தார்.

"ஏனுங்க, கடப்பாரையைக் கொஞ்சம் புடிக்கணும்," என்றார் பொன்னுரங்கத்திடம். "நீங்க அமுக்கினா நான் காலுக்கு அடியில இதைச் சொருகுவேன்."

பொன்னுரங்கம் வந்தார். கையில் டம்ளர் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சிகாமணியைப் பார்த்தார்.

சிகாமணி அதை அவர் கையிலிருந்து வாங்கினார். சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் ஜன்னல் மேடையில் வைத்தார். "ஆறறதுக்குள்ள முடிச்சிரலாம்," என்றார்.

பொன்னுரங்கம் கடப்பாரையை அமுக்கினார். மேஜையின் கால் மயிரிழை எழுந்தது. சிகாமணி தரையில் படுத்து, பாதி ராணியை அடியில் செருகினார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பந்தைக் கையில் எடுத்தார். ஆனால் விடவில்லை.

"அம்மா."

"ம்."

"இன்னிக்கு மட்டமானாலும் அடுத்த மழைக்கு மறுபடி எறங்கும். இந்தத் தரை அப்படி. ஒரு தடவை சரி பண்ணிட்டா தீந்துதுன்னு இல்லீங்கம்மா."

குருவம்மா மேஜையின் அந்த முனைக்குப் போனார். மறுபடி குனிந்து, கண்ணை விளிம்புக்குக் கொண்டுவந்தார்.

"பந்தைக் கையில வெச்சுக்கிட்டு மழையைப் பத்தி என்ன பேச்சு," என்றார். "விடுங்க. மெதுவா."